வளவுக்குள் நீராவி ரயில்: எரிவாயுவா, எரிசாராயமா?

உண்மையான நீராவியில் ஓடும் மாதிரி ரயில் என்ஜின் வாங்க விரும்புகிறவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 45 மி.மீ. தண்டவாளத்தில் 1:32 அளவில் ஓடும் முதன்மைப் பாதை விரைவு என்ஜின். 1923-இல் டான்காஸ்டரில் கட்டப்பட்ட ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் இதில் புகழ்பெற்றது. இவ்வகையில் பல எரிசாராயத்தில் இயங்குபவை. மற்றொன்று, 32 மி.மீ. தண்டவாளத்தில் 1:19 அளவில் ஓடும் குறும்பாதை என்ஜின். 1889 முதல் டார்ஜிலிங் மலைப்பாதைக்காகக் கட்டப்பட்ட ‘பி’ வகுப்பின் மாதிரி அத்தகையது. பியூட்டேன் எரிவாயுவில் ஓடும். காரைக்குடி வீட்டு வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், ஓட்டுவதற்கு நான் வாங்கியது இதைத்தான்.

தோற்றத்தில் ஸ்காட்ஸ்மனுக்கு நிகரில்லை. ஆனால் அத்தனை நீளமான என்ஜின் திரும்புவதற்கு மிக அகன்ற வளைவு வேண்டும். நான்கே சக்கரங்கள் கொண்ட டார்ஜிலிங் என்ஜினோ தூண்களுக்கு இடையே எளிதாக வளைந்துவிடும். கொதிகலனுக்கு உப்பில்லாத நீர் இரண்டுக்குமே தேவை. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் சுண்ணாம்பு படியும். முற்றத்துத் தாழ்வாரத்தில் அண்டாவில் பிடித்த மழைநீரை வடிகட்டிக்கொண்டால் போதும். மறுவிற்பனையில் பெரிய என்ஜின் விலை குறையாது என்கிறார்கள். நான் எதையும் விற்றுப் பார்த்ததில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது எரிபொருள். தமிழ்நாட்டில் எரிசாராயமும் மெத்தனாலும் மதுவிலக்கு விதிகளின் கீழ் உரிமத்துக்கு உட்பட்டவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, பொழுதுபோக்குக்காக என்று சொல்லி எரிசாராயத்தைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கிடைத்தாலும், அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொட்டி நிரம்பி வழிந்தால் என்ஜினுக்கு அடியில் தீ பரவுவது தாமதமாகத்தான் புரியும். பர்மாத் தேக்குத் தூண்கள் சூழ்ந்த வளவில் அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. போதாக்குறைக்குத் திரிகளை அவ்வப்போது சீராக்க வேண்டும். நீராவி எழும்வரை புகைபோக்கியின் மேல் சிறு மின்விசிறி வைத்துக் காற்றை இழுக்கவும் வேண்டும்.

எரிவாயு என்ஜினில் புகைபோக்கியின் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தானே உள்ளே இறங்கிப் பற்றிக்கொள்ளும். ஆயினும் நம் வெயிலில் அதற்கும் ஒரு குணம் உண்டு. பியூட்டேனின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 2 மடங்கு. 40 டிகிரியில் 4 மடங்கை நெருங்கிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் வாயுத்தொட்டியை வெந்நீரால் சூடேற்ற, நாமோ சித்திரையில் விடியற்காலையில் ஓட்டி, வால்வை மிகச் சிறிதளவே திறக்க வேண்டியிருக்கிறது. ஓட்டம் முடிந்த கையோடு சூடான தொட்டியில் வாயு ஏறாது. ஆறவிட்டு, அருகில் நெருப்பு இல்லாத இடத்தில்தான் நிரப்ப வேண்டும்.

எரிவாயு பர்னரின் இரைச்சல் என்ஜினின் ‘குப் குப்’ ஒலியைப் பாதி விழுங்கிவிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வகையில் எரிசாராயம் மேல். பராமரிப்பிலோ, உராய்வெண்ணெய்க் கலனில் நீராவி குளிர்ந்து சேரும் நீரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துப் புது எண்ணெய் நிரப்புவது இரண்டுக்கும் பொது. எரிவாயுவுக்கென்று தனியாக இருப்பது, பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் ஜெட்டின் நுண்துளை அடைத்துக்கொள்வது மட்டுமே. ஊசியால் குத்தினால் துளை அகன்று சுடர் கெட்டுவிடும்; கழற்றி, காற்றை ஊதிச் சுத்தம் செய்துவிடலாம்.