மதுரையில் ஆறு செமஸ்டர்: தன்னாட்சிக் கல்லூரிப் படிப்பு, உள்ளபடி

கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கத்துத் தன்னாட்சிக் கல்லூரிகளில் இளங்கலை சேருபவர்கள் முதலில் பழக வேண்டியது டே ஆர்டர். டைம்டேபிளுக்குக் கிழமைக் கணக்கு கிடையாது, வேலை நாட்களுக்கு வரிசை எண்தான். இன்று மூன்றாம் டே ஆர்டர், நாளை லீவு என்றால், அடுத்து கல்லூரி திறக்கும் நாள்தான் நான்காம் டே ஆர்டர். விடுமுறையால் எந்தப் பாடமும் அடிபடாது. மிக நல்ல ஏற்பாடு.

கழுத்தைப் பிடிப்பது அட்டெண்டன்ஸ். செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 22 நாள். தாராளமாகத்தான் தெரியும். ஆனால் காய்ச்சலுக்கு நாலு நாள், குலதெய்வக் கோயிலுக்கு ரெண்டு நாள், வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் என்று பாதி செமஸ்டரிலேயே கரைந்துவிடும். 65 சதவீதத்துக்கு மேல் 75-க்குள் நின்றால் பொதுவாகக் கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கான கட்டணம், கட்டித் தேர்வு எழுதலாம். என்.எஸ்.எஸ். முகாம், விளையாட்டுப் போட்டி எதுவானாலும் ஓ.டி. (கல்லூரி வேலையாகப் போகிறோம் என்ற ஆன் டியூட்டி) கடிதத்தில் துறைத்தலைவர் கையெழுத்தைப் போகும் முன்பே வாங்கிவிட வேண்டும். திரும்பி வந்து நீட்டினால், கையில் ஜெயித்த கோப்பையே இருந்தாலும் பதிவேட்டில் ஆப்சென்ட் நிற்கும். கல்லூரிக்காக ஓடியவர்களுக்கு இது அநியாயம். மாற்ற வேண்டிய நடைமுறை.

அடுத்தது இன்டர்னல், அதாவது டெஸ்ட், அசைன்மென்ட்டுக்குக் கல்லூரிக்குள்ளேயே போடும் மார்க். இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்ற முறையில் நூற்றுக்கு 80 மார்க் எடுக்க, இன்டர்னல் 22 இருந்தால் செமஸ்டர் தேர்வில் 58 போதும். 12 இருந்தால் 68 வேண்டும். அந்தப் பத்து மார்க், தேதி தவறிய அசைன்மென்ட்டிலும் எழுதாமல் விட்ட டெஸ்ட்டிலும்தான் போகிறது. இன்டர்னல் பட்டியலில் கையெழுத்துப் போடும்போதே கூட்டிப் பாருங்கள். தேர்வுப் பிரிவுக்குப் போனபின் திருத்துவது பெரும்பாடு.

ஏப்ரல் தேர்வு சில வருடங்களில் சித்திரைத் திருவிழாவோடு மோதும். மலையிலிருந்து வரும் அழகரை ஊர் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றும் அவர் வைகை ஆற்றில் இறங்கும் அன்றும் தல்லாகுளம் சாலையில் பஸ் போகாது. அந்த நாட்களை ஒட்டிக் காலைத் தேர்வு என்றால் மேலூர், உசிலம்பட்டியிலிருந்து வருபவர்கள் நகருக்குள் இருக்கும் நண்பர் வீட்டில் முந்தின இரவே தங்கிவிடுவது நல்லது. மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து வருபவர்கள் கே.கே.நகரில் இறங்கி நடக்கலாம்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு: பெண்களுக்குப் புதுமைப்பெண் 2022-லிருந்து, பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024-லிருந்து. விண்ணப்பம் சரியாக இருந்தும் பணம் வராவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை. கணக்கு இருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் ஏறுவதற்கான இணைப்பு தனி. பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போய் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ரிசல்ட் வந்ததும் மறுமதிப்பீட்டுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். விடைத்தாள் நகல் தரும் கல்லூரி என்றால் முதலில் நகலை வாங்கி, பக்கம் பக்கமாகக் கூட்டி, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள். கெடு சில நாள்தான் இருக்கும். ரிசல்ட் அன்றே நோட்டீஸ் போர்டைப் பாருங்கள்.