ரிச் டெக்ஸ்ட் எடிட்டர்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பலர் கட்டுரை எழுதி அனுப்பும் ஒரு தளத்தைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வலைப்பக்கத்தை டேக் எனும் குறிகளால் எழுதும் எச்டிஎம்எல் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. துணைத்தலைப்பு வைக்க, ஒரு சொல்லைத் தடிப்பாக்க, படமும் இணைப்பும் சேர்க்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிதான் ரிச் டெக்ஸ்ட் எடிட்டர். 'சமர்ப்பி' என்று அழுத்தினால் எழுதியது குறையாமல் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு வேலைக்காக எடிட்டரைச் சில முறை மாற்றியிருக்கிறோம். எது நல்ல எடிட்டர் என்று கேட்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான்: டூல்பாரில் எத்தனை பட்டன் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அது சர்வருக்கு அனுப்பும் எச்டிஎம்எல்லைத் திறந்து படித்துப் பாருங்கள். எடிட்டரை நாளை மாற்றிவிடலாம், டேட்டாபேஸில் சேர்ந்தது அங்கேயேதான் இருக்கும்.

பிரவுசருக்குள்ளேயே திருத்தும் வசதியான கன்டென்ட்எடிட்டபிள், 2000-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5-உடன் வந்தது. மற்ற பிரவுசர்களும் பிறகு அதை ஏற்றுக்கொண்டன, ஆனால் ஒவ்வொன்றும் தன் போக்கில். என்டர் தட்டினால் எக்ஸ்ப்ளோரர் பத்திக்கான 'பி' (p) டேக் போட்டது, குரோம் 'டிவ்' போடும், ஃபயர்ஃபாக்ஸ் அதன் 60-ஆம் பதிப்புக்கு முன்பு வரை வெறும் 'பிஆர்' போட்டது. தடித்த எழுத்துக்கு ஓரிடத்தில் 'பி' (b), இன்னோரிடத்தில் 'ஸ்ட்ராங்', வேறோரிடத்தில் ஸ்டைல் ஒட்டிய 'ஸ்பான்'. 2003-இல் வந்த எஃப்சிகேஎடிட்டர், அடுத்த ஆண்டு வந்த டைனிஎம்சிஇ போன்ற எடிட்டர்கள் இந்த வேறுபாடுகளைச் சமாளிக்க எவ்வளவோ உழைத்தன. அந்தத் தலைமுறை இல்லாமல் இணையத்தில் சாதாரண மனிதர்கள் இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

அப்போதெல்லாம் திரையில் இருக்கும் டேக் குவியல்தான் ஆவணம். ஒரே கட்டுரையை மூன்று பேர் மூன்று பிரவுசரில் திருத்தினால் மூன்று விதமான டேக்குகளும் உள்ளே கலந்து கிடக்கும். படிக்கிறவருக்கு எதுவும் தெரியாது. தளத்தின் வடிவமைப்பை மாற்றும் நாளில்தான் தெரியும்: சில பத்திகள் மட்டும் பழைய எழுத்துருவில், பழைய அளவில், பழைய நிறத்தில் நிற்கும்.

இதில் பெரும்பங்கு பேஸ்ட்டுக்கு உண்டு. பெரும்பாலானவர்கள் பெட்டிக்குள் எழுதுவதில்லை. வேர்டு கோப்பில் எழுதி அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அப்போது 'எம்எஸ்ஓ' என்று தொடங்கும் ஸ்டைல்களும் வகுப்புப் பெயர்களும் கூடவே வரும். இரண்டு பத்தி ஒட்டினால் உரையைவிடக் குப்பை பல மடங்கு இருக்கும். 'சாதாரண உரையாக ஒட்டு' என்ற பட்டனை வைத்துப் பார்த்தோம், பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. அதில் தலைப்புகளும் இணைப்புகளும் சேர்ந்து போய்விடுவதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தலைப்பு, பட்டியல், இணைப்பு, தடிப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றதை எடிட்டரே உதறிவிட வேண்டும். எழுதுகிறவர் அதை யோசிக்கவே கூடாது. புது எடிட்டரைச் சோதிக்கும்போது நான் முதலில் செய்வது, நீளமான ஒரு வேர்டு கோப்பை ஒட்டிவிட்டு வெளிவரும் எச்டிஎம்எல்லைப் படிப்பதுதான்.

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது 2015-இல் வந்த ப்ரோஸ்மிரர், அதன்மேல் கட்டிய டிப்டாப். இங்கே ஆவணம் தனியாக ஒரு தரவு மாதிரியாக (மாடல்) கணினியின் நினைவில் இருக்கிறது, திரை அதன் பிம்பம் மட்டுமே. எந்தெந்த உறுப்பு இருக்கலாம், எதற்குள் எது வரலாம் என்று முன்கூட்டியே ஒரு ஸ்கீமா எழுதிவிடுகிறோம். அதில் இல்லாதது உள்ளே நுழையவே முடியாது. எழுத்து நிறம் என்பதே ஸ்கீமாவில் இல்லையென்றால், எங்கிருந்து ஒட்டினாலும் நிறம் வராது. குவில் என்ற எடிட்டர் தன் டெல்டா வடிவத்திலும், சிகேஎடிட்டர் 5, லெக்சிகல் ஆகியவை தத்தம் மாதிரிகளிலும் இதே திசையில்தான் போகின்றன. விலை என்னவென்றால் கற்றுக்கொள்ளும் காலம். விளக்க வரியோடு ஒரு படம் வைக்கக்கூட அதற்கென ஓர் உறுப்பை வரையறுத்து, அது எப்படிக் காட்டப்படும், பேஸ்ட்டிலிருந்து எப்படிப் படிக்கப்படும் என்றெல்லாம் எழுத வேண்டும். அவசரமாக ஒரு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலைக்கு இதைச் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் ஓடப்போகும் தளத்துக்குத் தயங்காமல் சொல்வேன்.

சரி, சர்வருக்கு அனுப்பும் பக்கம். கன்டென்ட்எடிட்டபிள் பெட்டி ஃபார்மின் உறுப்பு அல்ல, சமர்ப்பித்தால் அதன் உள்ளடக்கம் தானாகப் போகாது. மறைவான ஒரு புலத்தில் நகலெடுத்து வைத்தால்தான் போகும். ட்ரிக்ஸ் போன்ற எடிட்டர் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது, பலவற்றில் நாம்தான் எழுத வேண்டும். ஒட்டிய படத்தை பேஸ்64 எழுத்துகளாக உரைக்குள்ளேயே திணிக்கும் எடிட்டரிடம் எச்சரிக்கையாக இருங்கள். படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில், ஒரு ஃபார்ம் ஒரே முறையில் அனுப்பும் மொத்த அளவுக்கு இயல்பு வரம்பு 8 எம்பி. அதைத் தாண்டினால் ஃபார்மின் எல்லாப் புலங்களும் காலியாகவே சர்வருக்குக் கிடைக்கும், 'தலைப்பைக் காணோம்' என்று சம்பந்தமில்லாத பிழைச்செய்தி வரும். ஒட்டிய உடனே படத்தைத் தனியாக ஏற்றிவிட்டு, உரையில் அதன் முகவரியை மட்டும் வைப்பதே சரி.

இன்னொன்று, லாகின் காலாவதி. ஒருவர் மதியம் முழுக்க எழுதிச் சமர்ப்பிக்கும்போது லாகின் பக்கம் வந்து நின்றால், எழுதியது போனது போனதுதான். அந்த மனிதர் திரும்ப எழுத வரமாட்டார். சில நொடிகளுக்கு ஒருமுறை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜிலும், இடையிடையே சர்வரிலும் டிராஃப்ட் சேமிப்பதை நான் கூடுதல் வசதியாக நினைப்பதில்லை. அது இல்லாத எடிட்டரை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

எடிட்டர் சுத்தமாக அனுப்புகிறது என்பதற்காக சர்வர் அதை நம்பக் கூடாது. எடிட்டரைத் தொடாமலேயே எதை வேண்டுமானாலும் சர்வருக்கு அனுப்ப முடியும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூகத் தளத்தில் பரவிய, தானே தன்னை நகலெடுத்துப் பரவும் சாமி வோர்ம் என்ற நிரல் ஒரு நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைத் தொட்டது. தளம் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லை வடிகட்டியது, வோர்மை எழுதியவர் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரியாக எழுதித் தப்பித்தார். கெட்டதைத் தேடி நீக்குவது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அனுமதித்த டேக், அனுமதித்த பண்பு இவை மட்டும் போகட்டும், மற்றதெல்லாம் நிற்கட்டும். இப்படி வடிகட்டும் கருவிகள்: பிஎச்பிக்கு எச்டிஎம்எல் ப்யூரிஃபையர், பிரவுசரில் காட்டும் இடத்தில் டாம்ப்யூரிஃபை. இரண்டையும் நீண்ட நாளாக வைத்திருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் எந்த விசை தட்டப்பட்டது என்று ஒழுங்காகச் சொல்வதில்லை. எழுத்து முடியும்வரை அது 'கம்போசிஷன்' நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் எடிட்டர் திரையைப் புதுப்பித்தால் எழுத்து விழுங்கப்படும், அல்லது இரட்டிக்கும். ஆங்கிலத்தில் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு எடிட்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், போனில் தமிழில் ஒரு பத்தி முழுக்க அடித்துப் பாருங்கள். அப்புறம், 'கொ' போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. உரை வந்ததும் சர்வரில் எல்லாவற்றையும் ஒரே விதமாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது டிப்டாப்பில் இருக்கிறோம். ஆவணத்தை ஜேசான் என்ற தரவு வடிவமாகவும், காட்டுவதற்கான எச்டிஎம்எல்லாகவும் இரண்டு பிரதி சேமிக்கிறேன். வடிவமைப்பு மாறும்போது ஜேசானிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். டூல்பாரில் துணைத்தலைப்பு, தடிப்பு, சாய்வு, பட்டியல், மேற்கோள், இணைப்பு, படம், அட்டவணை அவ்வளவே. நிறமும் எழுத்துருவும் கேட்டவர்கள் உண்டு, கொடுக்கவில்லை. போன் திரையில் அட்டவணையைத் திருத்துவது மட்டும் இன்னும் சிரமமாக இருக்கிறது. நான் பார்த்த எந்த எடிட்டரிலும் அது இதமாக இல்லை, அதனால் சிறிய திரையில் அந்தப் பட்டனைக் காட்டுவதில்லை.