பாத்ரூம் கதவு: ஒன்பது வருடத்துக்குப் பிறகு

வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்க பாத்ரூம்ல போட்ட பிவிசி கதவு எப்படி இருக்கு? அதையே வாங்கலாமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கதவைக் குறை சொல்ல மாட்டேன். 2016-இல் போட்டது. முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் பிளைவுட் ஒட்டிய பிளஷ் கதவு. தண்ணீர் பட்டுப் பட்டு இரண்டே வருடத்தில் அடிப்பக்கம் ஊதிப் பிளந்துவிட்டது. இது அப்படி இல்லை. கறையான் வராது, மழைக்காலத்தில் இறுகாது. துருப்பிடித்த கீலை ஒருமுறை மாற்றினேன், அவ்வளவுதான் செலவு.

என் ஆத்திரமெல்லாம் அது திறந்த திசையின் மேல். நாலுக்கு ஏழு பாத்ரூம், இரண்டரை அடிக் கதவு, உள்பக்கம் திறக்கும். உள்ளே போய் வாளியை நகர்த்தி, ஒதுங்கி நின்றால்தான் சாத்தவே முடியும். இத்தனை வருடம் அதற்குப் பழகிப் போயிருந்தோம்.

சென்ற ஐப்பசியில் அம்மா உள்ளே வழுக்கி விழுந்துவிட்டார். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஆனாலும் கதவு இரண்டு விரற்கடைக்கு மேல் நகரவில்லை. அதை அடைத்துக்கொண்டு அம்மாவே கிடக்கிறார். தள்ளினால் அவர் இடுப்பில் இடிக்கிறது. கீலைக் கழற்றிக் கதவை எடுத்துவிடலாம் என்றால், உள்பக்கம் திறக்கும் கதவுக்குக் கீலும் உள்பக்கம்தான். வாசற்கதவை உள்பக்கம் திறக்கும்படி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியில் நிற்கும் திருடனுக்குக் கீல் எட்டாது. அன்று எங்களுக்கும் எட்டவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பி ஆக்ஸா பிளேடால் கதவின் மேல்பாதியை அறுத்து உள்ளே இறங்கினான். இருபது நிமிடம் ஆயிற்று. பிவிசியாக இருந்ததால் அறுக்க முடிந்தது, அந்த நன்றி எனக்கு உண்டு. அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று.

தியேட்டர் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முட்டி மோதிக்கொண்டு வரும் கூட்டத்துக்குக் கதவைத் தன் பக்கம் இழுக்க இடம் இருக்காது. 1942-இல் பாஸ்டன் நகரின் கோகனட் குரோவ் இரவுக் கேளிக்கை விடுதித் தீயில் 492 பேர் இறந்ததற்கு, உள்பக்கம் திறந்த கதவுகளும் ஒரு காரணம். கதவை அடைக்கக் கூட்டம்தான் வேண்டும் என்பதில்லை, சின்ன அறையில் விழுந்து கிடக்கும் ஒருவரே போதும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

சரி, கீலை இந்தப் பக்கம் மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். "நிலையில காடி, அதான் அந்தப் பள்ளம், உள்பக்கம் இருக்கு சார், கதவு அதுலதான் உட்காரும்" என்றார் ஆசாரி. நிலையையே பெயர்க்க வேண்டியதாயிற்று. டைல்ஸ் உடைத்தது, புது நிலை, புதுக் கதவு, கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். கட்டும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் ஒரு பைசா ஆகியிருக்காது. கூடவே, வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும் பூட்டும் போட்டேன். அதை எல்லாரும் கட்டாயம் போடுங்கள்.

வெளிப்பக்கம் திறப்பதில் தொல்லை இல்லாமல் இல்லை. கதவில் தெறித்த தண்ணீர் முன்பெல்லாம் உள்ளேயே வடியும், இப்போது நடையில் சொட்டுகிறது. கால்மிதி எந்நேரமும் ஈரம். படுக்கையறைக் கதவும் இதுவும் ஒரே நேரத்தில் திறந்தால் இடித்துக்கொள்கின்றன. மகள் ஒருமுறை நெற்றியில் வாங்கிக்கொண்டாள். தினமும் எரிச்சல் வருகிறது, மறைக்கவில்லை. மேஸ்திரிகள் வழக்கமாக உள்பக்கம் வைப்பதற்கு நியாயம் இருக்கிறது என்பதும் புரிகிறது.

இருந்தாலும், ஒன்பது வருடம் ஒரு குறையும் வைக்காத அந்தப் பழைய கதவை, பழையபடி உள்பக்கம் திறக்கும் என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். அடிப்பக்கம் ஊறும் பிளஷ் கதவாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே திறக்கட்டும்.

வாசல் நிலை வைக்க நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிடுகிறோம். பாத்ரூம் நிலை வைக்கும் அன்று வீட்டுக்காரர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. நண்பர் வீட்டில் வியாழக்கிழமை உள்நிலைகள் வைக்கிறார்களாம். அதற்குள் சாக்பீஸ் எடுத்துப் போய், பாத்ரூம் வாசலில் வெளியே பார்த்த மாதிரி ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.