மும்பையில் பிறந்த பிள்ளைக்கு: தாத்தா பெயரா, நட்சத்திர எழுத்தா, தமிழ்ப் பெயரா?

தாராவியோ செம்பூரோ முலுண்டோ, தமிழ் வீட்டில் குழந்தை பிறந்ததும் பெயருக்கு நாலு பக்கமிருந்தும் ஆள் வந்துவிடுவார்கள். அப்பாவைப் பெற்றவர்கள் தாத்தா பெயர் என்பார்கள். அம்மா வீட்டார் ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள். சித்தப்பா ஒருவர் நல்ல தமிழ்ப் பெயராக வையுங்கள் என்பார். பெற்றவர்கள் இருவரும், எந்த டீச்சரும் திக்காமல் கூப்பிடக்கூடிய சின்னப் பெயர் ஒன்றை ஏழாம் மாதமே பார்த்து வைத்திருப்பார்கள். பன்னிரண்டாம் நாளே தொட்டிலிட்டுப் பெயர் வைக்கும் பக்கத்து மராத்தி வீட்டார், இன்னுமா பெயர் முடிவாகவில்லை என்று கேட்பார்கள்.

அவசரப்பட வேண்டாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பதிந்த பிறகு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏறிய பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு. அதிலும் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே நிதானமாக யோசித்து வைக்கலாம்.

ஆரவ், விவான், கியாரா மாதிரிப் பெயர்களை முதலில் பார்த்துவிடுவோம். எந்த மொழிக்காரர் வாயிலும் சிக்காது, எந்த விண்ணப்பத்திலும் பிழை வராது. வசதி என்று பார்த்தால் இவைதான் முதலிடம். ஆனால் அதே பெயரில் வகுப்பிலேயே இன்னொரு பிள்ளை இருக்கலாம். இது எந்த வீட்டுப் பிள்ளை என்பதும் பெயரில் தெரியாது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை.

நட்சத்திர எழுத்து வேறு வகைச் சிக்கல். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 பாதம். பாதத்துக்கு ஓர் எழுத்து. ரோகிணி என்றால் ஓ, வா, வீ, வூ. நல்ல பெயர்கள் நிறையக் கிடைக்கும். திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங', அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண'. இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயருக்கு எங்கே போவது? பல வீடுகளில் பக்கத்துப் பாதத்தின் எழுத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் நல்ல வழி, புண்ணியாகவாசனத்தன்று காதில் ஓதும் பெயரை அந்த எழுத்தில் வைத்துக்கொண்டு, சான்றிதழில் வேறு பெயர் எழுதுவது. நம்பிக்கையும் குறைபடாது, பிள்ளைக்கும் பிடித்த பெயர் கிடைக்கும். எண் கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' கூட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று பெயர் பிரிந்துவிட்டால், வளர்ந்த பிள்ளைதான் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

தாத்தா பெயருக்கு வருவோம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த வீடுகளில் சுடலைமுத்து, பேச்சிமுத்து என்று குலசாமியின் பெயரே தாத்தாவுக்கு இருக்கும். மூத்த பேரனுக்கு அதை வைக்காவிட்டால் ஊரில் மனத்தாங்கல் வரும். இங்கேதான் மும்பை விண்ணப்பம் உதவிக்கு வருகிறது. மகாராஷ்டிராவில் 2024 மே 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அரசு ஆவணங்களில் பெயர் வரிசை இதுதான்: பிள்ளையின் பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது, விட்டோம். கடைசிக் கட்டத்தை நிரப்ப அந்தப் பட்டத்தைத் திரும்பத் தேடிப் போவது எனக்குச் சம்மதமில்லை. பல வீடுகளில் அங்கே தாத்தா பெயரை எழுதுகிறார்கள். அப்படியென்றால் தாத்தா ஏற்கெனவே பிள்ளையின் பெயரில் இருக்கிறார்! முன்னாலும் அதையே வைத்தால் 'சுடலைமுத்து வள்ளி கணேசன் சுடலைமுத்து' என்று ஆகும். தாத்தாவைக் கடைசியில் வைத்துவிட்டு, முதல் இடத்தைப் பிள்ளைக்கென்றே ஒரு பெயருக்கு விடலாம். ஊரில் இதை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இந்த வரிசையில் ஆச்சிக்குத்தான் இடமில்லை. அதற்காகப் பேச்சியம்மாளின் முதல் எழுத்தை மட்டும் எடுத்து ஒரு நவீனப் பெயர் வைக்கிறார்கள். ஆச்சியால் அதில் தன்னைக் காண முடியுமா?

என் ஓட்டு தமிழ்ப் பெயருக்கு. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதும் சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். பின்னாளில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் மாறினார்கள். மும்பையில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளை விட்டால், மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தி, மராத்தி, ஆங்கிலம்தான். தினமும் பிள்ளையோடு வகுப்புக்குள் போகும் தமிழ், வருகைப் பதிவேட்டில் இருக்கும் அதன் பெயர் மட்டுமே.

சிரமங்களும் உண்டு. கவினைக் கெவின் என்பார்கள், முகிலை முகுல் என்பார்கள், நிலா நீலாவாகிவிடும். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் யாழினியை 'யாஜினி' என்பார். இனியா, மாறன், அமுதன், மலர் இவற்றுக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், பட்டியல்களைத் தேடும் முன் வீட்டுக் கிழவிகளின் பெயர்களைத்தான் விசாரிக்கச் சொல்வேன். வள்ளி, பொன்னி, வடிவு, முத்து: சின்னப் பெயர்கள், தமிழ்ப் பெயர்கள், ஆச்சியின் பெயர்கள். தாத்தா பின்னால், ஆச்சி முன்னால் என்று ஒரே வரியில் இருவரும் வந்துவிடுவார்கள். பழைய பெயர் என்று தள்ளாதீர்கள். மும்பைப் பிள்ளைகளுக்கு அது புதிய பெயர்தான்.

எந்தப் பெயரானாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இங்கே சான்றிதழ் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். 'ஆதிரை'யின் 'தி'யை நாம் ஆங்கிலத்தில் 'டி', 'எச்' இரண்டும் போட்டு எழுதுவோம். அதைப் பார்த்து மராத்தியில் எழுதுபவர் மூச்சு அழுத்தமுள்ள வேறு எழுத்தைப் போட்டுவிடுவார். மராத்தியில் 'ள' இருக்கிறது. அதனால் வள்ளியைப் பிழையில்லாமல் எழுதலாம், ழகரத்துக்கும் அதையே பயன்படுத்தலாம். ஆனால் அதை நீங்களே தேவநாகரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து மராத்தி வீட்டாரிடம், பெயரை வாயால் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.