கிரேக்க சாலட்: ஃபெட்டாவா, மாட்டுப்பால் சாலட் சீஸா?

இந்தக் கோடையில் எங்கள் லண்டன் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் கிரேக்க சாலட்தான். எந்தச் சீஸ் வாங்குவது என்று ஆரம்பத்தில் குழப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் வாங்கி வந்து, ஒரே கூடைத் தக்காளியில் இரண்டு கிண்ணம் செய்து பார்த்தேன். ஒன்றில் கிரேக்கத்திலிருந்து வரும் ஃபெட்டா. இன்னொன்றில் சூப்பர் மார்க்கெட்டில் 'சாலட் சீஸ்' என்ற பெயரில் விற்கும் மாட்டுப்பால் வெள்ளைச் சீஸ். அன்றிலிருந்து நான் ஃபெட்டா பக்கம்.

மற்ற சாமான்களில் வாதமே இல்லை. இந்த சாலட்டுக்குக் கிரேக்கர்கள் சொல்லும் பெயர் ஹொரியாத்திகி, அதாவது கிராமத்து சாலட். தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், கலமாட்டா ஆலிவ், காய்ந்த ஓரிகானோ, நல்ல ஆலிவ் எண்ணெய். லெட்டூஸ் இலைக்கு இதில் இடமில்லை. வினிகர் விடுவதும் விடாததும் அவரவர் வீட்டு வழக்கம். சீஸைப் பொடித்துக் கலக்காமல், தடிமனான ஒரே பாளமாக மேலே வைத்து, அதன் மேல் ஓரிகானோவும் எண்ணெயும் விடுவார்கள்.

ஃபெட்டா என்ற பெயரை எல்லோரும் போட்டுக்கொள்ள முடியாது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கிரேக்கத்துக்கு மட்டும் உரியதாகப் பதிவு செய்தது. ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்குப் போட்டன. 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. குறைந்தது 70 சதவீதம் செம்மறி ஆட்டுப்பால், மீதி வெள்ளாட்டுப்பால், இரண்டு மாதமாவது பழுத்திருக்க வேண்டும் என்பது விதி. மாட்டுப்பால் ஒரு சொட்டும் சேரக்கூடாது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பெயரல்ல, கிண்ணத்தின் அடியில் தேங்கும் சாறு. நறுக்கிய தக்காளியில் கொஞ்சம் உப்புத் தூவிப் பத்து நிமிடம் விட்டால் நீர் விடும். அதோடு எண்ணெய் சேரும். மேலே இருக்கும் ஃபெட்டாவை முள்கரண்டியால் உடைத்தால் ஓரம் பொலபொலவென உதிர்ந்து அந்தச் சாற்றில் இறங்கும். சிவப்பாக இருந்த சாறு மெல்ல வெளிறி, இளஞ்சிவப்பாகி, கொழகொழப்பாகிவிடும். புளிப்பு, உப்பு, ஆட்டுப்பாலுக்கே உரிய அந்த லேசான காரம் எல்லாம் அதில் இருக்கும். ரொட்டியைப் பிய்த்து இதில் தோய்த்துச் சாப்பிடுவதைக் கிரேக்கர்கள் பாப்பாரா என்பார்கள். என் மகள் காய்களை ஒதுக்கிவிட்டு இதற்காகவே வந்து உட்காருகிறாள்.

மாட்டுப்பால் சீஸ் போட்ட கிண்ணத்தில் இது நடக்கவில்லை. அரை மணி நேரம் கழித்தும் கட்டிகள் சதுரமாகவே நின்றன. அடியில் தக்காளித் தண்ணீர் தனி, எண்ணெய் தனி. இந்த வகைச் சீஸ் பலவற்றைப் பாலை நுண்சவ்வில் வடிகட்டிக் கெட்டியாக்கிய பிறகே உறைய வைக்கிறார்கள். உறைந்தபின் நீர் அதிகம் வடியாததால் கட்டி வழவழவென்று துளையில்லாமல் இருக்கும். ஃபெட்டாவோ உறைந்த பாலை அச்சில் போட்டு நீர் வடிய விட்டுச் செய்வது. உடைத்துப் பாருங்கள், உள்ளே சின்னச் சின்ன இடைவெளிகள் தெரியும். உதிர்வது அதனால்தான்.

ஃபெட்டா வாங்கினால் உப்புத்தண்ணீரோடு வரும் பாளமாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சத்தை அதே தண்ணீரில் மூழ்க வைத்தால் காயாது. உப்பு தூக்கலாக இருந்தால் அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் போட்டு எடுக்கலாம். மரப்பீப்பாயில் பழுத்த ஃபெட்டா இன்னும் உறைப்பாக இருக்கும். வட லண்டனில் பாமர்ஸ் கிரீன் பக்கம் ஒரு சைப்ரஸ்காரர் கடையில் வாங்கி இரண்டு தடவைதான் சாப்பிட்டிருக்கிறேன். அந்த விலைக்குத் தகுமா என்று அதை வைத்துச் சொல்ல மாட்டேன். குளிர்காலத் தக்காளியிலும் நான் இதைச் செய்து பார்த்ததில்லை.

சாலட் சீஸுக்கும் வேலை இருக்கிறது. நாங்கள் வாங்கும் கடையில் விலை ஏறக்குறைய பாதி. இருபது பேருக்குக் குச்சியில் குத்திப் பரிமாறுவதென்றால் உடையாத அதுதான் வசதி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஃபெட்டாவைப் பாரம்பரியமாகக் கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற நொதியைக் கொண்டு உறைய வைப்பார்கள். இப்போது விலங்கு ரென்னட் இல்லாமல் செய்ததும் கிடைக்கிறது, அட்டையில் சைவ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். என் மாமியாருக்கு அப்படிப்பட்டதை வாங்கி வந்தும் ஆட்டு வாடை ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மட்டும் சின்னக் கிண்ணத்தில் சாலட் சீஸ் தனியாகப் போகிறது.