எம்மா, மலிவுப் பதிப்பு: மிஸ் பேட்ஸுக்காகவே வாங்கலாம்

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலை ஒரு மலிவுப் பதிப்பில் படித்து முடித்தேன். பதிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்து பொடி, தாள் சுமார், அடிக்குறிப்பு ஒன்றுகூடக் கிடையாது. பின்னட்டையில் கதாநாயகி எம்மாவையும் அவள் குடும்ப நண்பர் நைட்லியையும் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த நாவலின் உயிரே மிஸ் பேட்ஸ்தான், அவர் பெயரே அதில் இல்லை.

ஹைபரி என்ற ஊரில் முன்பு பாதிரியாராக இருந்தவரின் மகள் அவர். கல்யாணம் ஆகவில்லை, இளமை போய்விட்டது, பணமும் இல்லை. பாதிரியார் வீடு பதவியோடு வருவது என்பதால் அப்பாவுக்குப் பிறகு அது கையைவிட்டுப் போயிற்று, இப்போது காது சரியாகக் கேட்காத அம்மாவோடு யாரோ ஒருவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். தெரிந்தவர்கள் ஆப்பிளோ பன்றிக்கறியோ அனுப்பினால் நன்றி சொல்லி மாளாது அவருக்கு. வாயைத் திறந்தால் பேச்சு பக்கக்கணக்கில் ஓடும், ஒரு விஷயம் முடிவதற்குள் இன்னொன்றுக்குத் தாவிவிடுவார்.

தயவுசெய்து அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கதையின் பெரிய இரகசியத்துக்குத் தடயங்கள் அங்கேதான் கிடக்கின்றன. வைத்தியர் பெரி வண்டி வாங்க நினைத்த செய்தி, வெளியூரிலிருந்து வந்துபோகும் ஃபிராங்க் சர்ச்சில் என்ற இளைஞனுக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லோரும் விழிக்கும்போது, போன வசந்தகாலத்தில் பெரியின் மனைவி எங்கள் அம்மாவிடம் சொன்னதுதானே, வெளியே தெரியாத விஷயமாயிற்றே என்று இவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறார். நைட்லி ஒருவர்தான் அதைக் கவனிக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் பாக்ஸ் ஹில். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள அந்தக் குன்றுக்கு எல்லோரும் உல்லாசமாகப் போன நாளில் ஒரு விளையாட்டு: ஆளுக்கு ஒரு அபாரமான பேச்சு, இல்லையென்றால் சுமாரானவை இரண்டு, அதுவும் முடியாவிட்டால் அசட்டுத்தனமானவை மூன்று. எனக்கு மூன்று சுலபமாக வருமே என்று மிஸ் பேட்ஸ் சிரிக்க, ஒரே நேரத்தில் மூன்றோடு நிறுத்தவேண்டுமே, அதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்கிறாள் எம்மா. அவருக்கு அது உடனே உறைக்கவில்லை. உறைத்தபோதும் கோபம் வரவில்லை, முகம் லேசாகச் சிவக்கிறது, பழைய சிநேகிதியே இப்படிச் சொல்கிறாள் என்றால் நான் ரொம்பத் தொல்லை கொடுத்திருப்பேன் போல என்று நைட்லியிடம் சொல்கிறார். எனக்கு நெஞ்சை அடைத்தது. நைட்லி பிறகு எம்மாவைக் கண்டிக்கும்போது சொல்வதும் இதைத்தான்: அவர் வசதியாக இருந்திருந்தால் பரவாயில்லை, அவர் ஏழை, இன்னும் வயதானால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆஸ்டினுக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. அவரும் மணமாகாதவர், 1805-இல் பாதிரியாரான அப்பா இறந்தபின் அம்மாவோடும் அக்காவோடும் சகோதரர்களின் தயவில் இருந்தவர். மிஸ் பேட்ஸைப் பார்த்து நம்மைச் சிரிக்கவைத்துவிட்டு, அந்தச் சிரிப்புக்காக நம்மையே கூசவைக்கிறார் பாருங்கள், அந்தத் துணிச்சலை நான் வேறு எங்கும் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

வாங்கலாமா? நாவலுக்கு ஐந்துக்கு ஐந்து, பதிப்புக்கு இரண்டு. முதல்முறை படிப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்துக் குறிப்புகள் உள்ள பதிப்பாக வாங்குங்கள். காசு வேண்டாம் என்றால் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே இருக்கிறது.