ஏலத்தில் வென்றுவிட்டுப் பணம் கட்டாதவர்கள்: விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தபால்தலை, பழைய நாணயம் போன்றவற்றை இணையக் குழுக்களில் ஏலம் விடும் குமரி மாவட்டத்து நண்பர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த ஏலத்தைத் தொடங்குங்கள். பொருளை வாங்கிக்கொண்டு பணம் தராமல் ஓடுகிறவர்களைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லவருவது பொருளைத் தொடாமலேயே நம்மை ஏமாற்றும் ஆட்களைப் பற்றி.

நான் ஏலத்துக்கு வைத்தது, ‘அஞ்சல்’ என்ற பெயரில் திருவிதாங்கூர் சமஸ்தானம் நடத்திய சொந்தத் தபால் சேவையின் தபால்தலைத் தொகுப்பு ஒன்று. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் 27ஆவது பிறந்தநாளையொட்டி 1939இல் வெளியானது. மொத்தம் ஏழு தலைகள். நம் ஊர்க்காரர்கள் இதை விரும்பித் தேடுவார்கள். சக்கரம் என்ற அன்றைய நாணயக் கணக்கில், 7 சக்கரத் தலையில் கன்னியாகுமரி, 14 சக்கரத் தலையில் பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் என்பதால் பேச்சிப்பாறையின் விலை அன்றைக்கு அரை ரூபாய். அந்த ‘அஞ்சல்’ சேவை 1951இல் இந்தியத் தபால் துறைக்குள் போய்விட்டது. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததோ 1956இல். நம் அணையையும் கடலையும் காட்டும் அஞ்சல் தலைகள் அதிகம் இல்லை. முத்திரை விழாத, பசை கலையாத தொகுப்பு என்பதால் நல்ல விலைக்குப் போகும் என்று எதிர்பார்த்தேன்.

தொடக்க விலை 800 ரூபாய். ஒவ்வொரு முறையும் குறைந்தது 50 ரூபாய் கூட்டிக் கேட்க வேண்டும். ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிவு, இரண்டு நாளில் பணம், தபால் செலவு தனி. குழுக்களில் எல்லோரும் வைக்கும் நிபந்தனைகள்தான். மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் 1,050 கேட்டார். வேறொருவர் 1,100 என்றார். சில நிமிடங்களிலேயே புதிய பெயர் ஒன்று வந்து 3,500 என்று போட்டது. 1,150 போதுமான இடத்தில் 3,500! அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. நேரம் முடிந்தது. ‘வாழ்த்துகள்’ என்று சிலர் எழுதவும் செய்தார்கள்.

பிறகு தொடங்கியது சாக்குப்போக்கு. ‘சார், திங்கட்கிழமை கண்டிப்பாக அனுப்பிவிடுகிறேன்.’ திங்கட்கிழமை வங்கியில் கோளாறு. அடுத்த நாள் உறவினர் வீட்டில் துக்கம். தபால் செலவைக் கணக்கிட வேண்டும் என்று சொல்லி முகவரியை மட்டும் கேட்டு வாங்கினேன். தயங்காமல் கொடுத்தார். அதன் பின் ஒரு பணப்பரிமாற்றப் படம் வந்தது, என் கணக்கில் ஒரு பைசாவும் வரவில்லை. கேட்டதற்கு, ‘என் கணக்கில் கழிந்துவிட்டதே சார், நீங்கள் அனுப்பிவையுங்கள், வந்துவிடும்’ என்று பதில். வரட்டும், வந்ததும் அனுப்புகிறேன் என்றேன். அதோடு பேச்சு நின்றது.

இதுவரை நடந்தது சாதாரணக் கதை. அடுத்து வந்த தனிச்செய்திதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1,100 கேட்டவர் எழுதியிருந்தார்: ‘அண்ணாச்சி, அந்த ஆள் பணம் கட்டமாட்டான் போலிருக்கிறது. என் கேட்புக்கே கொடுத்துவிடுங்கள், இப்போதே அனுப்புகிறேன்.’ பணம் வராத விஷயத்தை நான் குழுவில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது? சரி, முகவரி கொடுங்கள் என்றேன். வேறு பெயர், வேறு கைப்பேசி எண். ஆனால் அதே தெரு, அதே கதவு எண், அதே பின்கோடு.

செய்யும் விதம் இதுதான். ஒருவரே இரண்டு பெயரில் வருவார், அல்லது கூட்டாளி ஒருவர் இருப்பார். முதல் பெயர் தாழ்ந்த விலை ஒன்றில் இடம்பிடித்துக்கொள்ளும். இரண்டாவது பெயர் யாரும் எட்ட முடியாத விலையைச் சொல்லி மற்றவர்களை விரட்டும். ஏலம் முடிந்ததும் உயர்ந்த விலைக்காரர் காணாமல் போவார். அலுத்துப்போன விற்பனையாளர் ‘அடுத்தவருக்காவது கொடுப்போம்’ என்று இறங்குவார். பொருள் 1,100க்குப் போய்விடும். விற்றவருக்கோ, நல்ல மனிதர் ஒருவர் கைகொடுத்தார் என்ற நிம்மதி வேறு! மார்த்தாண்டம் ஆசிரியரிடம் பிறகு பேசினேன். 2,000 வரை போகத் தயாராக இருந்ததாகச் சொன்னார். ஆனால் அதற்குள் வேறொருவரிடம் அதே தொகுப்பை வாங்கிவிட்டார். எனக்கு உண்மையான நஷ்டம் இதுதான். வராத 3,500ஐ நான் ஒருபோதும் வருமானமாக எண்ணவில்லை.

குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் கேட்கிறவர் இப்படிச் செய்துபார்க்கட்டும். மறுநாளும் அதே மணலில், அதே முகங்களுக்கு நடுவே அவர் நிற்க வேண்டும். இணையத்தில் முகம் என்பதே இல்லை. ஒரு பெயரைக் குழுவிலிருந்து நீக்கினால் மறுநாள் காலையில் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் முடிந்ததாக அறிவித்ததும் விற்பனை நிறைவாகிறது. அதுவரைதான் கேட்டவர் தன் கேட்பைத் திரும்பப் பெற முடியும். ஆனால் 3,500 ரூபாய்க்காக யார் சிவில் வழக்குப் போட்டு வாய்தாவுக்கு அலைவது? நுகர்வோர் ஆணையமோ வாங்குபவருக்கானது. விற்பவன் அங்கே புகார்தாரராகப் போக முடியாது.

தாமதிக்கும் எல்லோரையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. குலசேகரம் பக்கத்திலிருந்து என்னிடம் வாங்கும் ஒருவர், மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிட்டால் ‘பணம் கொஞ்சம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். சொன்னபடி கொடுத்தும் விடுவார். நேரம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள். ஏமாற்றுகிறவர்களின் காரணம் தினமும் மாறும்.

இப்போது என் ஏலங்களில் ஒரே தாவலில் எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு மேல்வரம்பு வைத்திருக்கிறேன். குழுவுக்குப் புதியவர்கள், முன்பு அவர்களுக்கு விற்ற யாராவது ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டும், இல்லையென்றால் சிறு முன்பணம் கட்ட வேண்டும். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வென்றவர் கட்டவில்லை என்றால் இரண்டாமவருக்குத் தூக்கிக் கொடுக்காமல் மீண்டும் முதலிலிருந்து ஏலம் விடுவது. அந்த நாடகம் முழுவதும் இரண்டாமவருக்குக் கொடுக்கும் நம் பழக்கத்தை நம்பித்தான் நடக்கிறது.

மற்ற மோசடிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பணம் வந்ததா என்பதை வங்கிக் கணக்கில் பாருங்கள். அவர்கள் அனுப்பும் படத்தையோ குறுஞ்செய்தியையோ நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய தேவையே இல்லை. தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள் என்றால் வங்கி மூலம் கேட்கச் சொல்லுங்கள். பணமே போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், தபால் செலவை ஏலத்துக்கு முன்பே விசாரித்து எழுதிவிடுங்கள். அதைச் சாக்காக வைத்தும் விலையைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

அந்த இரண்டு பெயர்களையும் உரையாடல்களையும் குழு நிர்வாகிகளிடம் ஒப்படைத்துவிட்டேன். இங்கே பொதுவில் போடமாட்டேன். இந்த வாரம் ஏலம் வைத்திருப்பவர்கள், தாவிக் கேட்ட பெயர் எதன் மீதாவது சந்தேகம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.